இருட்டுத் திரையில் அப்பாவின் குரல்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
09.03.2025

அன்பு மகன் தினுஷனுக்கு,

மாதாவின் துணையால் இருக்கிறேன். முழங்கால் வலிதான் விட்டபாடில்லை. அடுத்த மாதம் கனடாவில் திரையிடவிருக்கும் உன் முதல் படத்தின் தொடக்கத்தை, பக்கத்து வீட்டுச் சுலக்ஷனா நேற்றுத் தன் கணினியில் போட்டுக் காட்டினாள். பிழை இருந்தால் எழுதும்படி கேட்டிருந்தாய். எழுதுகிறேன்.

திரையை இருட்டாக வைத்து, இரண்டு நிமிடம் சத்தத்தை மட்டும் கேட்க விட்டிருக்கிறாய். தோணியின் விளிம்பில் துடுப்பு தட்டுவது சரி. வாவித் தண்ணீர் எங்கள் படியில் மோதுவதும் சரி. கோயில் மணிக்கு முன்னால் காகம் கரைவது அதிகம், குறைத்துவிடு.

அதற்குப் பிறகு உன் அப்பாவின் குரல் வருகிறது. "பீற்றிஸ்." கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "பீற்றிஸ்." மூன்றாம் தரம் என் பெயர் இல்லை. "ஆரும் இல்லையா?" பிறகு துடுப்புச் சத்தம்தான்.

அந்தப் பின்னேரம் உனக்கு நினைவிருக்கும். பின் விறாந்தையில் வாவிச் சத்தம் பதிய மைக்கை வைத்துவிட்டு, "அம்மா, பத்து நிமிசம் மூச்சுக் காட்டாதீங்க" என்றாய். உள்ளே சுகமில்லாமல் படுத்திருந்த அவர் கூப்பிட்டதும் எழும்பினேன். நீ உதட்டில் விரலை வைத்தாய். திரும்பவும் இருந்துவிட்டேன். கன்னியாஸ்திரிகளின் கொன்வென்றில் வளர்ந்தவள், சொன்னால் சொன்னபடி இருப்பேன். நீ மைக்கை எடுத்த பிறகு போனேன், அவர் கண்ணயர்ந்திருந்தார். விடியும்போது பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் மூடும்வரை ஒன்பது நாளும் வாய் திறக்கவில்லை. என்னத்துக்குக் கூப்பிட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை. எழும்பியவள் நான், இருந்தவளும் நான்.

சுலக்ஷனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாயிருக்கு மாமி, ஒருத்தருமில்லாத மனிசன் எண்டு உடனே விளங்குது" என்றாள். அவர் ஒருவருமில்லாத மனிதர் அல்ல. நாற்பத்தாறு வருடத்தில் அவரை இரண்டாம் தரம் கூப்பிட வைத்ததில்லை.

குரலையே எடுத்துவிடு என்று எழுத மனம் வரவில்லை. எனக்கும் அதைக் கேட்க வேறு இடமில்லை. ஆகவே சுலக்ஷனாவின் போனில் "ஓம், வாறன்" என்று சொல்லிப் பதிந்து, இந்தக் கடிதத்தோடு அவளைக் கொண்டு அனுப்புகிறேன். நாலு தரம் சொன்னேன். கடைசியில்தான் குரல் நடுங்கவில்லை. அதையே எடு.

ஆண்டவர் உன்னையும் உன் வேலையையும் ஆசீர்வதிப்பாராக. என் பதிலை முதல் கூப்பிடலுக்குப் பிறகே வை, மகன். மற்ற இரண்டையும் வெட்டிவிடு. அவரைக் காக்க வைக்காதே.

அம்மா