மணி எந்தப் பக்கம்

4 ஆகஸ்ட் 1984, சனி

மூன்றாம் படிவத்து வரலாற்றுத் தாள்களில் இருபத்தெட்டு பாக்கி. தொடவில்லை. காரணம் முருகையா. எஸ்டேட் வயர்மேன். துரை சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன நான்கு ஸ்பீக்கர் செட்டை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது கூடத்தின் நான்கு மூலையிலும் இடுப்புயரத்துக்கு ஒரு மரப்பெட்டி, நடுவில் ஒரு நாற்காலி.

“நாற்காலிய நவுத்தாதீங்க டீச்சர். ஒரு அடி நவுந்தாலும் சத்தம் கோணிக்கும் லா.”

வாக்கியத்துக்கொரு ‘லா’ போடும் அவரை வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்தேன். அப்பா கூடத்தில் தனியே நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத அப்பாவை நம்பக்கூடாது.

தம்பி பசுபதி லண்டனிலிருந்து அனுப்பிய இசைத்தட்டுகள், போட்டுக் கேட்க வழியில்லாமல் ஒன்பது வருடமாக அலமாரியில் கிடக்கின்றன. ஏற்கெனவே பேர்பெற்ற ராக் தட்டுகளை நான்கு ஸ்பீக்கருக்கென்று மறுபடி கலந்தெடுத்தவை. அப்படிக் கலக்கும் ஸ்டூடியோவில்தான் அவனுக்கு வேலை. எஸ்டேட் கிராணியாகக் கணக்கெழுதிய சம்பளத்தில் அப்பா அவனை அனுப்பியது இன்ஜினியருக்குப் படிக்க. அவன் பாதியில் விட்டுவிட்டு இந்த வேலைக்குப் போனான். பதின்மூன்று வருடமாக அப்பா அவனுக்கு ஒரு வரி எழுதவில்லை. பெயரைக்கூடச் சொல்வதில்லை. பேச்சு வந்தால் “உன்ர தம்பி”.

5 ஆகஸ்ட், ஞாயிறு

முதலில் குடைப்படம் போட்ட தட்டு. இந்தப் பாட்டுகளை ரேடியோவில் நூறு தரம் கேட்டிருப்பேன். இப்படிக் கேட்டதில்லை. பாடுகிறவன் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். மத்தளமும் பின்னால், பெரிய கிட்டாரும் பின்னால். முன்னால் எதிரொலியும் கைத்தட்டலும் மட்டும். கடைசி வாங்கிலிருந்து வகுப்பே பாடுகிறது போல, திரும்பி “யாரது?” என்று அதட்டத் தோன்றுகிறது.

இதுதான் புதுமையோ? பாட்டை முகத்துக்கு நேரே நீட்டாமல் தோளில் தட்டிக் கூப்பிடுகிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது.

8 ஆகஸ்ட்

இன்று கப்பல்படத் தட்டு. இரண்டாம் பக்கத்து நீளப் பாட்டில் கிட்டார் மூலைக்கு மூலை ஓடுகிறது, பூனையைக் கண்ட எலி மாதிரி. கடைசியில் எல்லாம் நின்று ஒரு சின்ன மணி. மூன்றே தரம். எனக்கு முன்னால் வலப்பக்கம், சரியாக, சுவரில் பூசைமணியோடு சாமித்தட்டு இருக்கிற மூலையிலிருந்து.

குளித்துக்கொண்டிருந்த அப்பா ஈரத் துண்டோடு ஓடிவந்தார்.

“ஆர் பிள்ளை மணி அடிச்சது?”

“தட்டில வருது அப்பா.”

“எந்தத் தட்டில?”

“இசைத்தட்டில.”

“அப்ப ஏன் சாமித்தட்டில கேட்குது?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சாமித்தட்டில் மணியைத் தொட்டுப் பார்த்தார். அசைந்திருக்கவில்லை. “வெள்ளைக்காரனுக்குப் பூசைமணி என்னத்துக்கு?” என்று திரும்பிப் போனார்.

11 ஆகஸ்ட்

பசுபதிக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டேன். எது எங்கே கேட்டது என்று ஒவ்வொன்றாக. பாடகனைப் பின்னால் நிறுத்திய துணிச்சல் யாருடையது என்றும் கேட்டேன்.

தீபாவளிக்கு வரலாமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தான். அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை. அப்பா வாய் திறக்காமல் நான் எப்படி வா என்பது?

1 செப்டம்பர், சனி

பதில் வந்துவிட்டது.

“அக்கா, மூன்று தரம் வாசித்துச் சிரித்தேன். பாடகர் உனக்கு முன்னால் நிற்கிறார். நீதான் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கச்சேரி கேட்டிருக்கிறாய்.”

அவமானம். நான்கு பக்கம்! தோளில் தட்டிக் கூப்பிடுகிறார்கள் என்று வேறு எழுதித் தொலைத்தேனே.

பின்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இருந்தது. “அந்தத் தட்டுகளில் என் முடிவு என்று சொல்ல ஒன்றே ஒன்றுதான் உண்டு, அந்த மணி. எங்கே வைப்பது என்று பெரியவர்கள் என்னிடம் விட்டார்கள். பின்னால், இடப்பக்கம் வைத்தேன். நாம் இருந்த கிராணி வீட்டு மேசையில் நான் படிக்கும்போது அப்பாவின் பூசைமணி எனக்கு அங்கேதான் கேட்கும்.”

அந்த வரியை இன்னொரு தரம் வாசித்தேன்.

2 செப்டம்பர், ஞாயிறு

முருகையாவைக் கூப்பிட்டேன். உள்ளே வந்ததும் நின்றுவிட்டார்.

“நாற்காலி ஏன் சாமியப் பாக்குது? நான் சன்னலப் பாத்துல்ல வெச்சேன்.”

பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா: “நான்தான் திருப்பினனான். சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்க இது என்ன பஸ்ஸோ?”

“அப்ப நாலு வாரமா டீச்சர் பாட்டத் தலகீழா கேட்டிருக்காங்க, ஐயா.”

“தலைகீழ் இல்லை. முன்பின்.”

வயரை மாற்றிச் செருகினால் போதும், ஐந்து நிமிட வேலை என்று முருகையா குனிந்தார். அப்பா பேப்பரை மடித்து வைத்தார்.

“முன் எண்டு அச்சடிச்ச ஓட்டையில பின்பக்கத்து வயரைச் செருகுறதோ? நாப்பது வருசம் கிராணி வேலை பார்த்தவன்ர வீட்டில?”

“நாற்காலியையும் திருப்பக்கூடாது, வயரையும் மாத்தக்கூடாதுன்னா சாமியத்தான் நவுத்தணும் லா.”

அப்பா சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. பயம்.

5 செப்டம்பர்

மாலை அப்பா கோயிலுக்குப் போனதும் நாற்காலியைத் திருப்பினேன். நாற்பத்திரண்டு வயதில் திருட்டுத்தனம்.

பாடுகிறவன் முன்னால் வந்துவிட்டான். மூச்செடுப்பதுகூடக் கேட்கிறது. எதிரொலி பின்னால் விலகிப்போய், கூடத்துச் சுவர்களே தள்ளி நிற்கின்றன. நான் வியந்து எழுதியதெல்லாம் தப்பு. ஆனால் சரியாகக் கேட்பதும் வியப்பில் குறைந்ததில்லை. பிறகு மணி. பின்னால், இடப்பக்கம். பசுபதியின் படிப்பு மேசையில் இருந்துகொண்டு நான் கேட்கிறேன்.

கேட் சத்தம் கேட்டதும் நாற்காலியைப் பழையபடி திருப்பிவிட்டேன்.

9 செப்டம்பர்

கடிதத்தைப் பின்பக்கம் மேலே தெரிய மேசையில் வைத்து, அப்பாவின் கண்ணாடிக் கூட்டை அதன்மேல் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனேன். வேண்டுமென்றேதான்.

திரும்பி வந்தபோது கடிதம் அதே இடத்தில். கூடு மட்டும் பக்கத்தில் இருந்தது, திறந்தபடி.

10 செப்டம்பர்

ஒன்றும் சொல்லவில்லை.

14 செப்டம்பர், வெள்ளி

பள்ளி விட்டு வந்தால் கூடத்தில் ஸ்டூலின் மேல் முருகையா, கையில் சுத்தியல். சாமித்தட்டு எதிர்ச்சுவருக்கு, சன்னல் பக்கம் வந்துவிட்டது. அப்பா கீழே பஞ்சாங்கத்தோடு நிற்கிறார்.

“கறையான்,” என்றார் என்னைப் பார்க்காமல்.

“பலகை சுத்தமா இருக்கே ஐயா. எங்க கறையான்?”

“உனக்குத் தெரியாது. ஆணியை அடி.”

பழைய பலகையைப் பின்கட்டில் வைத்திருந்தார்கள். விரலால் தடவிப் பார்த்தேன். ஓர் ஓட்டை இல்லை.

16 செப்டம்பர், ஞாயிறு

தேவாரம் முடிந்து, திருநீற்றோடு வந்து அப்பா தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி இப்போது சன்னலைப் பார்க்கிறது. சாமியையும். முழங்காலில் இரண்டு கை, டாக்டரிடம் வந்தவர் போல. நீளப் பாட்டில் ஊசியை வைத்தேன். கிட்டார் ஓடத் தொடங்கியதும், “என்ன, லயத்து வீடுகளில சண்டை மாதிரி நாலு பக்கமும்,” என்றார். எழுந்திருக்கவில்லை.

மணி அடித்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இடக்கை மட்டும் முழங்காலிலிருந்து எழுந்து காதுவரை போயிற்று.

தட்டு நின்றது.

“பசுபதிக்கு எழுது. மணி பின்னால, இடப்பக்கந்தான் கேட்குது எண்டு.”

பெயரைச் சொன்னார். நான் அதைக் கவனிக்காதவள் போலத் தட்டை உறைக்குள் போட்டேன்.

“வேற என்ன எழுத அப்பா?”

“மிச்சத்தை அவன் வந்து கேட்கட்டும்.”