மத்தியாஸ் திருநாளுக்கு முன்

ஜனவரி 18, செவ்வாய்
புகைபோக்கி மறுபடி அடைத்துக்கொண்டது. பேராயர் அங்கிக்கு ஊதாத் துணி வந்தது. அளந்தேன், அரை கெஜம் குறைவு. பிப்ரவரி 24, மத்தியாஸ் திருநாளில் என் கணவருக்குப் பேராயர் அபிஷேகம். ஊரே வாழ்த்துகிறது. அவர் மட்டும் ஒரு வாரமாக வாய் திறக்கவில்லை.

ஜனவரி 20
திறந்தார். திறக்காமலே இருந்திருக்கலாம்.

போரில் அவர் படைக் குருவாக இருந்தபோது, தாக்குதலுக்கு முந்தின நாள், பதினான்கு சிப்பாய்கள், திருவிருந்து அப்பம் வாங்கும் முன் பெற வேண்டிய திடப்படுத்தலைக் கேட்டார்களாம். தலையில் கைவைத்துத் திடப்படுத்தப் பேராயரால் மட்டுமே ஆகும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். சாதாரணக் குருவான இவர் பதினான்கு தலையிலும் கைவைத்திருக்கிறார்.

“திடப்பட விருப்பம் இருந்தாலே அப்பம் குடுக்கலாம்னு ஜெபப் புத்தகத்துல இருக்கே. கையை யாரு வைக்கச் சொன்னது?”

“அவங்களுக்குக் கைதான் வேணும்னு இருந்துச்சு, ஹெஸ்டர்.”

பிரதம பேராயருக்கு எழுதியும் போட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை?

ஜனவரி 29
பதில் வந்தது. அந்தப் பதினான்கு பேரில் உயிரோடிருப்பவர்களை ஒரு பேராயரிடம் முறைப்படி திடப்படுத்திச் சான்று அனுப்ப வேண்டும். அதுவரை அபிஷேகம் இல்லை.

உயிரோடிருப்பது ஒருவர்தான். வில்ஃப் கார்பட், ஹல் நகரின் மீன் துறைமுகத்தில் வேலை.

பிப்ரவரி 8
ஹல் போய் வந்தோம். கார்பட்டின் மனைவி அடுப்பில் பான்கேக் சுட்டுக்கொண்டிருந்தாள் — நாளை தவக்காலம், முட்டையும் வெண்ணெயும் இன்றே தீர வேண்டும்.

“அதான் அன்னிக்கே ஆச்சே, பாதிரி ஐயா,” என்றார் கார்பட்.

“நான் வச்சது செல்லாது, வில்ஃப்.”

“அப்போ மத்த பதிமூணு பேருக்கு? அவங்களுக்கு யாரு போய் மறுபடி வைப்பாங்க?”

“ஒரு நிமிஷ வேலைதானே,” என்றேன் நான்.

“விடுங்கம்மா,” என்றாள் அவள். “இந்த மனுஷனைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.”

ரயிலில் வழி முழுக்க எரிச்சல். பதின்மூன்று பேர் — அதற்கு என்ன பதில்? எனக்குத் தெரியவில்லை. எரிச்சல் அதனால்தான்.

பிப்ரவரி 10
கார்பட் மறுத்ததை நடந்தபடியே பிரதம பேராயருக்கு எழுதி அனுப்பும்படி இவரிடம் சொன்னேன். பூசி மெழுகினால் தபாலில் சேர்க்க மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 15
“கார்பட்டை அழைத்து வாருங்கள். நான் பேச வேண்டும்.” அவ்வளவுதான் பதில். அபிஷேகம் உண்டா இல்லையா? பேராயர் இல்லத்துக்குக் குடிபோகக் கட்டிய சாமானில் பாதி பெட்டியில், பாதி வெளியே. கரண்டியைக் காணோம்.

பிப்ரவரி 23
கார்பட்டைக் கூட்டிப்போனோம். பிரதம பேராயர் கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு அரை மணி பேசினார். நான் நடைகூடத்தில் நின்றேன்.

“என்ன கேட்டாரு?” என்றேன், கார்பட் வெளியே வந்ததும்.

“அன்னிக்கு மழை பெஞ்சுதான்னு கேட்டாரும்மா. பெஞ்சுதுன்னேன். அப்புறம் அந்தப் பதிமூணு பேரோட பேரைக் கேட்டாரு. சொன்னேன், எழுதிக்கிட்டாரு.”

“அபிஷேகம்?”

“அதைப் பத்தி நான் கேக்கலையே.”

எத்தனை பேரைத்தான் பொறுத்துக்கொள்வது?

பிப்ரவரி 24, மத்தியாஸ் திருநாள்
அபிஷேகம் நடந்தது. சான்றை யாரும் கேட்கவில்லை. அங்கி தோளில் இழுத்தது. அந்த அரை கெஜம்தான்.

திருவிருந்தில் எனக்குப் பக்கத்தில் கார்பட் வந்து மண்டியிட்டார். முறையான திடப்படுத்தல் வேண்டாம் என்றவருக்கு அப்பம் கிடையாது. பிரதம பேராயர் எதிரில் வந்து நின்றார், கார்பட்டின் முகத்தைப் பார்த்தார், உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார்.

பிறகு எனக்கும் தந்தார்.