சம்பந்தியின் தாத்தாவைத் தேடிப் போன கதை

கோயமுத்தூர்,
3.3.1996

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் மூக்கைத் தவிர. அது மூன்று நாளாக ஓயாமல் தும்முகிறது, காரணம் உன் மாமனார். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே, அங்கே மழையென்றால் தலையை ஈரத்தோடு முடிந்துகொண்டு வேலைக்கு ஓடாதே.

சம்பந்தி சகாயம் ஒரே தாளில் இரண்டு சேதி எழுதியிருந்தார். முன்பக்கத்தில், உன் தம்பி மெர்வின் இந்துப் பெண்ணைக் கட்டுவது தனக்குச் சம்மதமில்லை, தங்கள் வம்சத்தில் வேற்று வேதத்தில் சம்பந்தம் செய்தவர் ஒருத்தரும் கிடையாது, ஆகவே கல்யாணத்துக்கு உன்னை அனுப்புவதற்கில்லை. பின்பக்கத்தில், மலாயாவுக்குக் கப்பலேறிய தன் தாத்தா சவரிமுத்துவின் பிறப்புப் பதிவைத் தாராபுரம் பக்கத்துக் கோவிலில் தேடி அனுப்ப வேண்டும், குடும்ப விழாவில் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். மாப்பிள்ளை அவர் அப்பாவை எதிர்த்துப் பேசமாட்டார், அது தெரிந்ததுதான். முன்பக்கத்தைப் படித்துவிட்டு உன் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். நான் பின்பக்கத்தைப் படித்துவிட்டு மறுநாள் காலை தாராபுரம் பஸ்ஸில் அவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். கேட்ட உதவியைச் செய்துகொடுத்தால் மனுஷன் மனசு இளகாதா என்றுதான் போனேன், மாதா சாட்சியாக வேறெந்த எண்ணமும் அப்போது இல்லை.

அந்தக் காலத்தில் பிறப்புப் பதிவென்றால் கோவிலின் ஞானஸ்நானப் புத்தகம்தான். கல்லறையில் பிறந்த வருடம் 1882 என்று வெட்டியிருப்பதாகச் சம்பந்தி எழுதியிருந்தார். எல்லாம் லத்தீன். உபதேசியார் ஞானாபரணம்தான் பொறுமையாக வாசித்துச் சொன்னார். அந்த வருடம், அதற்கு முன்னே மூன்று, பின்னே மூன்று என்று பார்த்தும் நம்ம சவரிமுத்துவைக் காணோம். அப்பா ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு தும்மல் போட்டதில், பூச்சி அரித்த தாளெல்லாம் பறந்துவிடும்போலிருந்ததால் அவரை வெளியே மரத்தடிக்கு அனுப்பினேன். சாயங்காலம் ஆகிவிட்டது. உபதேசியார்தான் சிரித்துக்கொண்டு, "ஏனுங்கம்மணி, கைக்கொழந்தைங்களையே பாத்துட்டிருந்தா எப்படிங்க, கண்ணாலப் புஸ்தகத்தையும் ஒருக்கா பாத்துப்போடலாமுங்க" என்றார்.

கல்யாணப் புத்தகத்தையும் பார்த்தோம் கண்ணு. 1904-ல் சவரிமுத்துவுக்கும் செசிலியம்மாளுக்கும் கல்யாணம். சம்பந்தி எழுதிய பாட்டி பெயரும் அதுதான். ஓரத்தில் ஒரு குறிப்பு, மாப்பிள்ளை முந்தின நாள் ஞானஸ்நானம் பெற்றவர் என்று. அந்தத் தேதியைப் பிடித்து மறுபடி ஞானஸ்நானப் புத்தகத்துக்குப் போனால், முந்தின பெயர் சின்னான், வயது இருபத்திரண்டு, தகப்பன் ஐயாசாமி, தாய் மாரியாத்தாள், பண்ணையாள். இருபத்திரண்டு வயசு மீசைக்காரரைத் தொட்டில் பிள்ளைகளுக்கு நடுவே தேடியிருக்கிறோம்! சனிக்கிழமை தலையில் தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் மாலை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கோவில் அலுவலகம் என்றும் பாராமல் சிரித்துவிட்டேன். அந்த மனுஷன் பெண்ணுக்காகச் சாமியையே மாற்றிக்கொண்டார், உன் தம்பி அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. அவனும் கயல்விழியும் அவரவர் சாமியோடு இருக்கத்தான் ஆயரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள்.

பங்குச்சாமியார் முத்திரை வைத்து நகல் கொடுத்தார். அப்பாவுக்கு அதை அனுப்பவே பயம், சம்பந்தி மனசு நோகும், பதிவு கிடைக்கவில்லை என்று எழுதிவிடு என்றார். நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர் கேட்டது அவர் தாத்தாவின் பதிவு, அது இது. மேலே அந்த நகல், கீழே மெர்வினின் கல்யாணப் பத்திரிகை, இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தி ரிஜிஸ்டர் தபாலில் நேற்று அனுப்பிவிட்டேன். என் கைப்பட ஒரு வார்த்தை எழுதவில்லை.

விளையாட்டாக எழுதினாலும் எழில், நீ வராவிட்டால் எனக்கு அது கல்யாண வீடாகவே இருக்காது. மெர்வினும் பிடிவாதமாக இருக்கிறான். மூன்றாவது முடிச்சு அக்காள்தான் போட வேண்டும், அதுவரைக்கும் இரண்டு முடிச்சோடு நிற்கிறேன், பந்தியே போட வேண்டாம் என்கிறான்.

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக. தபால் வந்ததும் உன் மாமனார் கையில் கொடுத்துவிட்டு நீ அடுப்படிக்குப் போய்விடு. என்ன சத்தம் கேட்டாலும் சிரித்து வைக்காதே. லீவுக்கு மட்டும் இன்றைக்கே எழுதிக் கொடு.

உன் அம்மா,
சந்தியாகம்மாள்