கடைசி நாலு கிலோமீட்டர்

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. வழவழப்பான தாள், நாலு வண்ணம், மை வாசம் இன்னும் போகவில்லை. ஊரில் புதிதாக முளைத்திருக்கும் ஓட்டக்காரர் குழு அச்சடித்தது. முன்பக்கம் நெடுந்தூர ஓட்டத்துக்கு அழைப்பு. பின்பக்கம் 'ஓடும்போது சலிப்புத் தட்டாமலிருக்கப் பத்து வழிகள்'. கொண்டுவந்தவர் காதில் செருகியிருந்த பாட்டுக் கம்பியைக் கழற்றாமலே பேசினார். "சார், பின்பக்கத்தையும் அப்படியே பெட்டிச் செய்தியா போட்டுருங்க. ஜனங்களுக்குப் பிரயோசனப்படும்."

போட்டுவிடுகிறேன் என்றேன். அவர் போனதும் படித்தேன். பாட்டுக் கேளுங்கள். மின்கம்பங்களை எண்ணுங்கள். இனிய நினைவுகளை அசைபோடுங்கள். முடிந்ததும் சாப்பிடப்போவதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்தையும் படித்து முடித்தபோது நீ சிரிக்கிற சத்தம் கேட்டது. சிரிப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மூக்கு வழியாகக் காற்றை விடுவாயே, அது. நீ போய் இது எட்டாவது மாதம். அந்த மூக்குக் காற்று மட்டும் போகவில்லை.

ஓடுகிற எல்லோருக்கும் பதக்கம் உண்டாம். அதையும் கூட்டத்தைச் சமாளிக்க முந்தின நாளே பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்களாம். ஓடுவதற்கு முன்பே முடிவு கையில். இதைக் கேலி பேச ஊரில் யாருக்கு உரிமை இருந்தாலும் எனக்கு இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நீ தீப்பெட்டி ஆபீசில் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்தாய். மழைக்கு ஏங்கியே உயிர் வாழும் ஊரில், மேகத்தைப் பார்த்தால் திட்டுகிற ஒரே ஆள் நீதான். மழை பெய்தால் குச்சி காயாது, பண்டல் இராது, உனக்கு வேலை இராது. நான் ஒரு மாலைப் பத்திரிகையின் பகுதிநேர நிருபர். ஒரு பழைய மொபெட்டும் அடையாள அட்டையும் என் சொத்து. அட்டையைச் சட்டைப் பையில் வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் பஞ்சாலைக்காரர்கள் அந்த ஓட்டத்தை அறிவித்தார்கள். கழுகுமலையிலிருந்து கோவில்பட்டி வரை, இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர். முதலில் வருபவருக்கு ஆலையில் நிரந்தர வேலை. வயது முப்பதுக்கு மேல் போகக்கூடாது. ஓட்டம் ஆனியில். உனக்கு ஆவணியில் முப்பத்தொன்று பிறக்கிறது. நல்லவேளை, அறிவிப்பு மாசியிலேயே வந்துவிட்டது. நாலு மாதம் இருந்தது.

"ஏலே நிருபரு, உனக்குச் செய்தி வேணும், எனக்குப் பேச்சுத் துணை வேணும். விடிய முன்னாடி வண்டியை எடுத்துட்டு வா" என்றாய்.

கால் உனக்கு ஒரு பிரச்சினையே இல்லை. மூட்டை சுமந்த கால். பிரச்சினை மண்டை. கழுகுமலைச் சாலை அப்படி. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்து வெடித்துக் கிடக்கிற கருப்பு நிலம், நடுநடுவே வேலிமரம், எதிரே ஒரு நேர்கோடு. "பாத்ததையே பாத்துக்கிட்டு எம்புட்டு நேரம்லே ஓட? பைத்தியம் பிடிச்சிரும் போலிருக்கு" என்றாய் முதல் வாரத்திலேயே.

முதலில் இடுப்பில் ஒரு டிரான்சிஸ்டரைக் கட்டிக்கொண்டாய். அந்த நேரத்துக்கு அதில் உரம் போடும் விவரம்தான் வந்தது. மூன்றாம் நாள் அவிழ்த்து என்னிடம் எறிந்தாய். "அவன்பாட்டுக்குப் பேசுதான். நாம ஒண்ணு கேட்டா பதில் சொல்ல மாட்டேங்கான்." அடுத்து பாலங்களை எண்ணினாய். எண்ண எண்ணத் தூரம் கூடுகிறது என்று அதையும் விட்டாய். இன்றைய நோட்டீஸின் முதல் இரண்டு வழிகளை நீ ஒரே வாரத்தில் தள்ளுபடி செய்துவிட்டாய் என்பதைப் பதிவு செய்கிறேன்.

உன் வழி தற்செயலாகக் கிடைத்தது. முந்தின நாள் தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர் உன்னை வெயிலில் நிற்கவைத்துவிட்டு உள்ளே மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஐந்தாவது கிலோமீட்டர் கல்லில் அவரைத் திட்ட ஆரம்பித்தாய். மூச்சு வாங்கவில்லை, குரல் உயரவில்லை. அவர் குடையை மடிக்கும் விதம், நல்ல செருப்பை வாசலில் விட்டால் களவு போகும் என்று கோயிலுக்கு மட்டும் பழைய செருப்பில் போவது, முதலாளி கார் சத்தம் கேட்டால் நாற்காலியிலிருந்து எழுவதற்கு முன்பே சிரித்துவிடுவது. முடித்துவிட்டு நிமிர்ந்தால் ஒன்பதாவது கல்.

"ஏலே, ஒம்பதா வந்துட்டு?" என்று கல்லைத் திரும்பிப் பார்த்தாய். "மனுசன் நல்லவர்தான். நாலு கிலோமீட்டர் என்னைத் தூக்கிட்டு வந்திருக்காரு."

அன்றிலிருந்து அதுதான் பயிற்சி. நாலு கிலோமீட்டருக்கு ஓர் ஆள். ஆளைப் பிடித்துத் தருவது என் வேலை. நிருபருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைவிட நன்றாக ஊரை அறிந்தவன் நான். "இன்னைக்கு யாருலே?" என்பாய். தன் பேரைக் கல்லில் வெட்டுவதற்காகவே குடிநீர்த் தொட்டி கட்டிக்கொடுத்து, அதில் தண்ணீர் விட மறந்துபோன பெரிய மனிதரைச் சொல்வேன். கழுகுமலைக்குப் பிரியும் விலக்கு வரை அவர் தாங்குவார்.

இந்தத் திட்டுக்கு நீ சட்டம் வைத்திருந்தாய். சாதியை இழுக்கக்கூடாது. அம்மையை இழுக்கக்கூடாது. உடம்பைச் சொல்லக்கூடாது. சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. "செஞ்சதை மட்டும் சொல்லணும். பாக்காததைச் சொல்லப்படாது. பாக்காமப் பேசுனா அது வசவு இல்லலே, புரளி." நான் வேலை பார்த்த பத்திரிகையில் இத்தனை கறாரான ஆசிரியர் யாரும் இருந்ததில்லை.

ஒருநாள் வயலில் ஆடுகளைக் கிடை மறித்திருந்த ஆட்டுக்காரர் ஒருவர் உன்னைப் பார்த்துவிட்டு என் வண்டியை நிறுத்தினார். "அண்ணாச்சி, அவிய யாரை விரட்டுதாவ?"

"யாரையும் இல்ல" என்றேன்.

"அப்ப அவியளை யாரு விரட்டுதா?"

"யாரும் இல்ல. சும்மா ஓடுதான்."

அவர் ஆடுகளைப் பார்த்தார். "எங்கிட்ட நாப்பது இருக்கு. ஒண்ணுகூட சும்மா ஓடாது." மறுநாள் நீ திட்டுவதற்கு ஆள் கேட்கவில்லை. நான் சொன்ன அவர் பேச்சை எண்ணிச் சிரித்தே நாலு கிலோமீட்டர் ஓடினாய்.

எங்கள் பத்திரிகைத் தொழிலின் லட்சணத்தையும் இங்கே சொல்ல வேண்டும். மாலைப் பதிப்புக்குச் செய்தி போக வேண்டுமானால் கவரை ஏழு இருபது பஸ்ஸில் கண்டக்டர் கையில் கொடுக்க வேண்டும். திருநெல்வேலியில் ஆள் வந்து வாங்கிக்கொள்வார். பஸ் காத்திராது, செய்திதான் பஸ்ஸுக்கு முந்த வேண்டும். அதனால் முக்கால்வாசி நிகழ்ச்சிகளை முந்தின நாளே எழுதி, பெயருக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருப்போம். அமைச்சர் பேசுமுன்பே அவர் பேச்சு கவருக்குள் இருக்கும். எல்லோரும் செய்தோம். எல்லோரும் செய்ததால் அது தவறாகத் தெரியவில்லை. ஊரில் பெரும்பாலான தவறுகளுக்கு இந்த வசதி உண்டு.

ஓட்ட நாள். ஆறு மணிக்குக் கழுகுமலையில் கொடி அசைந்தது. பாதித் தூரத்திலேயே இரண்டு பேர்தான் மிஞ்சினீர்கள், நீயும் வெளியூர்க் கல்லூரி மாணவன் ஒருவனும். ஊருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் உள்ள பாலத்தில் நான் நின்றேன். மணி ஏழு பத்து. மாணவன் உன்னைவிட இருநூறு கெஜம் முன்னால். உன் உதடு அசைந்துகொண்டிருந்தது. கடைசி நாலு கிலோமீட்டரை மேனேஜருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நீ என்னைப் பார்த்தாய். நான் பையிலிருந்து தாளை எடுத்து, மொபெட் சீட்டில் வைத்து, காலியிடத்தில் மாணவன் பெயரை எழுதினேன். இரண்டாமிடத்தில் உன் பெயர். அதையும் நீ பார்த்தாய்.

கவர் பஸ்ஸேறியது. நான் மைதானத்துக்குப் போனபோது அங்கே சண்டை நடந்துகொண்டிருந்தது. எல்லைக்கோட்டில் நாடாவின் ஒரு முனையைப் பிடித்திருந்த விருந்தினர், தனக்கு யாரோ மாலை போட வருவதைக் கண்டு நாடாவை விட்டுவிட்டுக் கழுத்தை நீட்டியிருக்கிறார். அந்த நேரத்தில்தான் நீங்கள் இருவரும் பாய்ந்து வந்திருக்கிறீர்கள். நடுவர்கள் இரண்டு பேர், ஒருவர் மாலையைப் பார்த்தார், மற்றவர் மாலை போட்டவரைப் பார்த்தார். கூட்டத்தில் பாதி உன் பெயரைச் சொன்னது. பாதி அவன் பெயரை. சாயங்காலம் முடிவு சொல்கிறோம் என்று கலைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஆலை அலுவலக அறை. ஆலை நிர்வாகி, விழாக்குழுச் செயலாளர், நீ, மாணவன், நான். செயலாளர் கையில் மாலைப் பத்திரிகை.

"இனி என்ன பேச்சு? பேப்பர்லயே வந்துட்டு. பேப்பர்காரர் இங்கனதான் இருக்காவ. பாக்காமலா எழுதுவாவ?" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீ பார்க்கவில்லை. நீ சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்க்காமல் எழுதினேன் என்று தெரிந்தால் அட்டையைப் பிடுங்கிவிடுவார்கள். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்ட பக்கம் அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த மாணவன் மூன்றே மாதத்தில் ஆலை வேலையை விட்டுவிட்டுப் போலீசில் சேர்ந்தான். நீ பண்டல் ஏற்றப் போனாய். ஆவணி வந்தது.

அந்தச் சாயங்காலத்துக்கு அடுத்த வாரம் விடியுமுன் என் வாசலில் நின்றாய். நான் கதவைத் திறந்ததும், "வண்டியை எடு. இன்னைக்கு உன் முறை" என்றாய்.

கழுகுமலை வரை உன்னை வண்டியில் ஏற்றிப் போனேன். அங்கிருந்து ஊரை நோக்கி ஓட ஆரம்பித்தாய். முழுத் தூரமும் என்னைப் பற்றியே பேசினாய். சாதி இல்லை, அம்மை இல்லை, உடம்பு இல்லை, ஒரு சொல் திரும்ப வரவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் முகம் வெளியே தெரியும்படி நான் திருப்பி வைப்பது. துக்க வீட்டில் அழுகிறவர்களிடம் இனிஷியல் கேட்பது. தாசில்தார் டீ வாங்கிக் கொடுத்தால் சர்க்கரை போதும் என்று முதல் வாய்க்கு முன்பே சொல்லிவிடுவது. முப்பது வருடத் தொழிலில் இத்தனை துல்லியமான ஒரு செய்தியை நான் எழுதியதும் இல்லை, படித்ததும் இல்லை. ஊருக்கு முந்தின அந்தக் கடைசிப் பாலம் வந்ததும் ஓட்டத்தை நிறுத்தினாய். எனக்குத் தெரிந்து அந்தச் சாலையில் நீ நின்றது அந்த ஒருமுறைதான்.

"எனக்காவ நீ பொய் சொல்ல வேண்டாம்லே. நான்தான் ஜெயிச்சேன்னு சொல்லச் சொல்லல. 'நான் பாக்கல'. ரெண்டு வார்த்தை. உள்ளதுதானே? அதுகூட உன் வாயில வரலியே."

பிறகு ஓடத் தொடங்கினாய். வேலை தரும் எந்த ஓட்டத்திலும் இனிச் சேர உனக்கு வயதில்லை. ஆனாலும் வருடக்கணக்கில் ஓடினாய், நானும் வண்டியில் வந்தேன். ஊர்ப் பெரிய மனிதர்களை முன்பாதியில் முடித்துவிடுவாய். பாலத்துக்கு அப்புறம் நான். இதை நட்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

உனக்கு உடம்பு முடியாமல் போனது போன வருடம். இறந்த செய்தி கொடுக்க உன் மனைவி வந்தாள். "அண்ணாச்சி, ஓட்டக்காரர்னு ஒரு வார்த்தை போட்டுருங்க. அவியளுக்கு அது போதும்." போட்டேன். மறுநாள் பேப்பரில் இல்லை. மூத்த செய்தியாளர் என்று எனக்குக் கேடயம் கொடுத்த அதே பத்திரிகை, இடமில்லை என்று அந்த ஒரு வார்த்தையை வெட்டியிருந்தது. கேடயத்தில் ஒரு கடிகாரம் உண்டு, அது கொடுத்த நாளிலிருந்தே ஓடவில்லை. நீ பார்த்திருந்தால் அரைக் கிலோமீட்டருக்கு ஆகியிருக்கும்.

இப்போது டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். தினமும் அந்தப் பாலம் வரை ஷேர் ஆட்டோவில் போய் இறங்கி, ஊர் வரை நடக்கிறேன். சலிப்புத்தான். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு எதிரே வருகிறவர்கள் ஏதோ தங்களுக்குள் சிரித்துக்கொண்டு போகிறார்கள்.

நோட்டீஸின் பத்து வழிகளையும் பெட்டிச் செய்தியாக அனுப்பிவிட்டேன். ஓட்டம் முடிந்த பிறகு எழுதும் செய்திக்கு மட்டும் தாள் வெறுமையாக இருக்கிறது, பெயருக்கு இடம் விட்டுக்கூட ஒரு வரி எழுதவில்லை. பதக்கம் முந்தின நாளே பையில் இருந்தாலும், கடைசி ஆள் வந்து சேரும்வரை எல்லைக்கோட்டில் நிற்பேன்.

முதலில் வந்தது நீதான் என்று இந்த மடலிலாவது எழுதிவிட ஆசை. மறுக்க ஆளில்லை. ஆனால் நீ விடமாட்டாய், பார்க்காததைச் சொல்லப்படாது. நான் பார்க்கவில்லை. அந்த அறையில் சொல்லியிருக்க வேண்டியதைப் பாலத்தில் இறங்கியதும் தினமும் வாய்விட்டுச் சொல்கிறேன். கேட்க வேலிமரம்தான் இருக்கிறது. அதன் பிறகு நீ என்னைத் திட்டியதை முதலிலிருந்து, வரிசை மாறாமல், உன் குரலிலேயே சொல்லிக்கொண்டு நடக்கிறேன். சரியாக ஊர் வரை வருகிறது.