பெல்ட் மோட்டாரின் நீலக் குமிழ்

இன்று காலை ஹுன்னஸ்கிரிய தொழிற்சாலையில் பெல்ட் மோட்டாரின் பேனல் பெட்டியைத் திறந்தேன். சூடேறிய தேயிலைத் தூசி வாசத்தோடு நீயும் நினைவில் வந்து தொலைத்தாய்.

மாதாந்தப் பராமரிப்புதான். மின்சாரத்தை நிறுத்தி, தூசி தட்டி, திருகுகளை இறுக்கி, சுமை கூடிச் சூடேறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோட் ரிலேயைச் சோதிப்பது. கடைசியாக அந்த நீலக் குமிழ் ‘ஹேண்ட்’ பக்கம் நிற்கிறதா என்று பார்ப்பது. பெல்ட்டில் கொழுந்து சிக்கி மோட்டார் நின்றால், ஹேண்டில் ஆள் வந்து பொத்தானை அமுக்கும்வரை அது ஓடக்கூடாது. ‘ஆட்டோ’வில் விட்டால் ரிலே ஆறியதும் தானாக ஓடும். ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம், உனக்குத் தெரியாதா? நான் ஹேண்டுக்குத் திருப்புவேன். நான் அந்தப் பக்கம் போனதும் நீ ஆட்டோவுக்குத் திருப்புவாய்.

“ஒவ்வொரு தடவையும் படியேறி வந்து அமுக்க எனக்கென்ன பைத்தியமா மச்சான்?” என்பாய். சோம்பேறிப் பயலே!

அன்று பெல்ட் நின்றது. சிக்கிய கொழுந்தை இழுக்கக் கை விட்டவள், அங்கேயே வேலை செய்த உன் மனைவி. பெல்ட் தானாக ஓடியது. நாங்கள் அவளிடம் ஓடினோம், நீ மோட்டாரை நிறுத்த ஓடினாய். வலது கையில் இரண்டு விரல்தான் மிஞ்சியது. விசாரிக்க வந்தவர்கள் பார்த்தபோது குமிழ் ஹேண்டில் நின்றது. ஓடும் பெல்ட்டில் கை விட்டாள் என்று பழியை அவள்மேல் போட்டார்கள்.

“கண்ணு எங்கடி இருந்துச்சு?” என்று நீயும் எல்லார் முன்னாலும் திட்டினாய். ஆட்டோவில் விட்டாயா என்று சட்டையைப் பிடித்து உன்னைக் கேட்டேன். சிரித்தாய்.

பிறகு பாரிசவாதம் வந்து, கைகால் விழுந்து படுத்தாய். அவள்தான் அந்த இரண்டு விரலால் சோறு ஊட்டினாள். பார்த்துக் கண்கலங்கினேன். போன மாதம் போய்ச் சேர்ந்தாய்.

வேலை முடிந்து நேரே அம்பிட்டியவுக்கு, அவளிடம் போனேன்.

“உம்மேல பிழை இல்ல தங்கச்சி. அவன் ஆட்டோவுல விட்டிருப்பான்.”

“தெரியும்ண்ணே. மோட்டார நிறுத்திட்டு, அந்தக் குமிழையும் திருப்பி வச்சிட்டுத்தான் என்கிட்ட வந்தாரு. பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன்.”

தேநீரை என் முன்னால் வைத்தாள்.

“ஊட்டுறப்ப கையப் பாக்காம கண்ண மூடிக்குவாரு. தொறக்கிற வரைக்கும் சோத்த வாய்கிட்ட வச்சிக்கிட்டே இருப்பேன்.”

தேநீரைக் கையில் எடுத்தேன்.

“கரண்டி இருந்துச்சுண்ணே,” என்றாள். “நான் எடுக்கல.”

உன்மேல் இரக்கம் வருகிறதா என்று பஸ்ஸில் வரும்போது தேடிப் பார்த்தேன். வரவில்லை. இனி எந்தப் பெட்டியைத் திறந்து குமிழைத் திருப்பினாலும், அவள் எடுக்காத அந்தக் கரண்டிதான் என் கண்முன் வரும். வயிறு நிறையத் தின்றாயா, மச்சான்?