பின் சக்கரத்துக்கு நீ வைத்த கல்

ஏய்,

இன்று காலை ஆலங்காயத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் கிளட்ச் கருகும் வாடை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் நன்றாக இழுத்து மோந்தேன். உன் வீட்டில் உன் படத்துக்கு மல்லிகைச் சரம் போடுகிறார்கள். எனக்கு நீ வருவது இந்த வாடையில்தான். கோபித்துக்கொள்ளாதே.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு சாயங்காலம். பள்ளி விட்டு நாம் ஏறிய பஸ், ஜமுனாமரத்தூருக்குச் சற்று முன்னால் ஒரு பெரியவரை இறக்கிவிட நின்றது. நின்றது நின்றதுதான். இன்ஜின் அணைந்துவிட்டது, பேட்டரியும் செத்துவிட்டது. எதிரே இருபதடிக்கு லேசான ஏற்றம். அதைத் தாண்டினால் இறக்கம். உருளுகிற வேகத்திலேயே கியரைப் போட்டு இன்ஜினை எழுப்பிவிடலாம்.

"ஆம்பளைங்கள்லாம் எறங்கித் தள்ளுங்கப்பா" என்றார் கண்டக்டர்.

"ஏண்ணா, பொம்பளைங்க இன்னா மூட்டையா?" என்று நான் குரல் கொடுத்தேன். பெண்களும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டார்கள். உள்ளே மிஞ்சியது இரண்டு புளி மூட்டையும் நீயும்தான்.

நீ சும்மா இருப்பாயா? முன் சீட்டுக் கம்பியில் இரண்டு கையையும் வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "நானும் தள்றேன், நானும் தள்றேன்!" என்று கத்தினாய். எல்லாரும் சிரித்தார்கள்.

"லூசு, நீ சீட்டத் தள்ளுனா சீட்டு உன்னத் தள்ளும். ரெண்டு பேரும் உள்ளயே மல்லுக்கட்டிக்கினு இருப்பீங்க, வண்டி நவுராது. வெளியே தரைல கால ஊனணும்டி" என்றேன் ஜன்னல் வழியாக.

"அப்ப தரைக்கே வர்றேன்" என்று எழுந்தாய்.

என் வாய்க்குத்தான் பிரேக் கிடையாதே. "அண்ணா, அவள எறக்காதீங்க! அவளுக்கு நெஞ்சுல வால்வு சரியில்ல, தள்ளக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிக்கிறாரு!"

உன் வீட்டைத் தாண்டி அந்த ரகசியம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். யாரிடமும் சொல்லாதே என்று நீ சொல்லியிருந்தாய்.

"ஐயோ பாவம்" என்றது ஒரு குரல். "இந்த வயசுலயா?" என்றது இன்னொன்று. நாற்பது பேரும் உன்னை வேறு கண்ணால் பார்த்தார்கள். அதுவரை கோமாளியாக இருந்தவள் ஒரு நொடியில் நோயாளி ஆகிவிட்டாய். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆனாலும் இறங்கினாய். சாலையோரத்தில் குனிந்து தேங்காய் அளவில் ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாய்.

"நீ போய் ஒக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

"நான் தள்ளலண்ணா. நீங்க தள்ளுனதப் புடிச்சி வெக்கிறேன்."

தள்ளினோம். ஒரு முழம் நகர்ந்தது. மூச்சு வாங்க நாங்கள் நிறுத்தியதும் சக்கரத்துக்குப் பின்னால் கல்லைச் செருகினாய். மறுபடியும் தள்ளல், மறுபடியும் கல். மூன்றாவது முறை சரளையில் எங்கள் கால்கள் வழுக்கின. தரையிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய எதிர்விசை வரவில்லை. பஸ் எங்கள் பக்கமாகவே வரத் தொடங்கியது. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான், இன்ஜின் ஓடாததால் கால் பிரேக்கும் பிடிக்கவில்லை. அதற்குள் நீ கல்லைச் செருகிக் கையை எடுத்திருந்தாய். 'கரக்' என்று ஒரு சத்தம். பஸ் நின்றுவிட்டது. அது கல்லை எவ்வளவு அழுத்தியதோ அவ்வளவு கல்லும் திருப்பி அழுத்தியது. பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு நான் எழுதிய வரி, அன்று என் மூக்குக்கு முன்னால் நடந்தது.

"பயப்படாதீங்க, வந்த தூரம் எங்கியும் போவாது. தள்ளுங்க!" என்று அதட்டினாய். நாற்பது பேரும் கீழ்ப்படிந்தோம். ஐயோ பாவம் சொல்ல யாரிடமும் மூச்சு மிச்சமில்லை.

பஸ் ஏற்றத்தைத் தாண்டியது. அவ்வளவு எடையும் உருண்டு உந்தம் பிடித்ததும் டிரைவர் கிளட்சை விட்டார். ஒரு குலுக்கல், கரும்புகை, அந்த வாடை. மறுபடி அணைந்துவிடுமோ என்று பயந்து வண்டியை வெகுதூரம் ஓட்டிப் போய்த்தான் நிறுத்தினார். எல்லாரும் ஓடினார்கள். உன்னால் ஓட முடியாது. நான் உன்னோடு நடந்தேன்.

பாதி வழியில் என் கையை நறுக்கென்று கிள்ளினாய். உன் விரலுக்கும் அதே அளவு வலித்திருக்க வேண்டும்.

"வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? இனிமே எவளாச்சும் என்னப் பாத்து ஐயோ பாவம்னா, நீதான் பதில் சொல்லணும்."

"எத்தினி வருசத்துக்குடி?"

"ஆயுசுக்கும்."

யாருடைய ஆயுசுக்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

போன ஆடியில் நீ போய்ச் சேர்ந்தாய். உன் வீட்டு வாசலில் எல்லார் வாயிலும் அதே இரண்டு வார்த்தை. நான் அழுதுகொண்டே ஒவ்வொருவரிடமும் போய், "பாவம்லாம் இல்ல. ஒரு பஸ்ஸயே நிறுத்துனவ அவ" என்று சொன்னேன். எனக்கு என்னமோ ஆகிவிட்டதென்று அம்மா என்னை இழுத்துப் போனார்.

இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், சந்தையிலும் நான் பாடம் எடுக்கும் வகுப்பிலும். கேட்டவர்கள் யாரும் உன்னை மறுபடி பாவம் என்று சொன்னதில்லை. ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சொல்லச் சொல்ல அந்த ஏற்றம் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. நாற்பது பேர் எழுபது ஆகிவிட்டார்கள். நேற்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பின்னால் ஒரு பள்ளத்தாக்கையும் சேர்த்துவிட்டேன்.

கல்லை மட்டும் நான் பெரிதாக்கவில்லை. அது தேங்காய் அளவுதான்.