முந்தி இல்லாத புடவை

அன்புள்ள உதயாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவின் முட்டிவலியும் குறையில்லாமல் இருக்கிறது. நீயும் அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

நம் புடவைக் கடையின் இணையப் பக்கம். அதை நான் டேபிள், அதாவது கட்டம் கட்டமாக அட்டவணை போட்டுத்தான் கட்டினேன். ஒரு புடவைக்கு மூன்று படங்கள், ஒரே வரிசை. கரை, உடல், முந்தி. டிசைன் போடும் கட்டத்தாளைப் பார்த்தே வளர்ந்தவளுக்கு வேறெப்படித் தோன்றும்? கம்ப்யூட்டரில் நன்றாகவே இருந்தது. போனில் வரிசை மடங்கவில்லை, முந்தி திரைக்கு வெளியே போய் நின்றுகொண்டது. கலசப்பாக்கத்திலிருந்து அன்புச்செல்வி என்று ஒருவர், மகளுக்குக் கல்யாணம், போன் செய்து, "இன்னாம்மா, முந்தி இல்லாத பொடவையா விக்கிறீங்க, அத்த கட்டிகினு பொண்ணு எப்டி மணையில குந்துவா" என்று கேட்டார். அப்பா பக்கத்தில் நின்று சிரித்தார். துரோகி.

உன்னிடமும் சிரிப்புக்காகத்தான் சொன்னேன். மறுநாள் பார்த்தால் என் பக்கத்தைக் காணோம். நீ உள்ளே புகுந்து டேபிளைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றையும் பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதும் அந்த சிஎஸ்எஸ்ஸில் மாற்றியிருந்தாய். சுத்தமாக இருந்தது. ஆஸ்பத்திரி மாதிரி. அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எம் புள்ள அங்க குந்திகினே ஜல்தியா முட்ச்சிட்டான், இவ ஒரு மாசமா பேஜார் பண்ணிகினு இருந்தா" என்றார். அன்றைக்கே நீ செய்ததை அழித்தேன். என் கோணல் டேபிளைத் திரும்ப வைத்தேன். வேண்டுமென்றே. வியாபாரம் கெடும் என்றார் அப்பா. கெடட்டும் என்றேன். அந்தக் கடையில் எல்லாமே யாரோ கட்டியது. அந்தப் பக்கம் மட்டும்தான் நான் கட்டியது.

பிறகு நானே உட்கார்ந்து அந்த சிஎஸ்எஸ்ஸைப் படித்தேன். முதலில் ஃப்ளோட். ஒரு படத்தை இடப்பக்கம் தள்ளினால் அடுத்தது தானாக ஏறி வந்து அதன் தோளில் கைபோடுகிறது. அசிங்கம். விட்டுவிட்டேன். அடுத்து கிரிட். மறுபடியும் கட்டமா என்று சிரித்தேன். இல்லை. டேபிளில் பொருளும் இடமும் ஒட்டிக்கிடக்கும். இதில் படங்கள் ஒரு கோப்பில், எது எங்கே நிற்கவேண்டும் என்பது இன்னொரு கோப்பில். போனுக்காக மூன்றையும் மேலிருந்து கீழாக அடுக்கி அப்பாவிடம் காட்டினேன். "இன்னாடி இது, கரைய மொதல்ல காட்டி எவன்னா பொடவ விப்பானா" என்றார். உண்மைதான். கடையில் முதலில் முந்தியைத்தான் உதறி விரிப்பார். அது பிடித்தால்தான் வந்தவர்கள் உட்காருவார்கள். நீயும் கரையைத்தான் மேலே வைத்திருந்தாய். ஒரே ரத்தம், ஒரே மடத்தனம். இரண்டு வரி மாற்றினேன். போனில் முந்தி மேலே ஏறியது, கம்ப்யூட்டரில் தன் இடத்திலேயே இருந்தது. படங்களைத் தொடவே இல்லை.

அன்புச்செல்விக்கு அனுப்பினேன். "இப்பதாம்மா பொடவ மாரி கீது" என்றார். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறார். நேற்று நம் வாடிக்கைக்காரர் சேவூர் லோகநாதன் கடைக்கு வந்து போனில் பார்த்துவிட்டு, பையன் செய்ததா என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். மூடினார். "எங்க வூட்ல பண்ணாங்க" என்றார். அதற்குமேல் அவரிடமிருந்து எதிர்பார்க்கக் கூடாது.

நன்றாக இரு. உன் கண்ணும் முதுகும் எல்லா தெய்வத்தின் காவலிலும் இருக்கட்டும். ஒரு வேளையாவது சோறாகச் சாப்பிடு. பக்கத்தின் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். உன் பிறந்தநாள் இல்லை. முயற்சி செய்யாதே.

அன்புடன்,
அம்மா
(குணசுந்தரி, ஆரணி)